வட்டவளைப் பாறைகளும் துருவப் பனிக்கட்டியும்: காலக்கணிப்பு முறையொன்று பற்றிய விளக்கம்

நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனை நோக்கி ஏறிச்செல்லும் புகையிரதப் பாதையில் கலபொடவை அடுத்து வருவது வட்டவளை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் இவ்வூர், இலங்கையின் மிக ஈரலிப்பான இடங்களுள் ஒன்றாகும். இங்குள்ள தேயிலை மலைகளினூடே நடப்போர் இரண்டு காட்சிகளைக் காணத் தவறார். ஒன்று, தேயிலை நிரைகளிடையே ஆங்காங்கே கிடக்கும், யானை முதுகுபோல் உருண்டு திரண்ட பெருங்கற்கள். மற்றையது, பாதையோர வெட்டுமுகங்களிற் தென்படும் மண். களியும் மணலும் பரலும் ஆளளவு பாறைத் துண்டுகளும் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் படிவு அது. ஐரோப்பியப் பாடநூலை மட்டுமே கற்று வந்த மாணவன் ஒருவன் இவ்விரண்டையும் கண்டால், தன் குறிப்பேட்டிற் 'பனிக்கட்டியாற்றுப் படிவு' என்று தயங்காது எழுதிவிடக்கூடும். அளவால் தரம்பிரியாமை, களியின் நடுவே பெருங்கல், பிறந்த இடத்தை விட்டு வந்ததுபோல் தனித்துக் கிடக்கும் பாறை என அப்பாடநூல் கூறும் அடையாளங்கள் யாவும் இங்கு உள்ளன.

அவ்வாறு எழுதுவது தவறு. ஆயினும் அது நகைப்புக்குரிய தவறன்று. ஐரோப்பாவிற் பனிக்கட்டிக் காலம் ஒன்று இருந்தது என்னும் கருத்தை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவரான லூயி அகாசி, 1865, 1866 ஆம் ஆண்டுகளிற் பிரேசிலுக்குச் சென்றபோது இதே தவறைச் செய்தார். அயனமண்டல மழைக்காட்டினுள்ளே செங்களியையும் அதனிடையே கிடந்த உருண்டைக் கற்களையும் கண்ட அவர், அமேசன் பள்ளத்தாக்கு முழுவதும் ஒருகாலத்திற் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது என முடிவு செய்தார். தம் துறையின் பேராசான் ஒருவரே இடறிய இடமாதலால், புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு ஒரு படிவின் பிறப்பை உரைத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வட்டவளைக் கற்கள் உருண்டமைக்குக் காரணம் வேறு. மலையகத்தின் அடித்தளப் பாறையில் வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மழைநீர் அவ்வெடிப்புகளினூடு இறங்கிப் பாறைக் கட்டிகளை நாற்புறமும் உண்கிறது. மூலைகள் விரைந்து கரைய, நடுப்பகுதி உருண்டையாக எஞ்சுகிறது. சுற்றியிருந்த மண் கழுவப்பட்டதும் அவ்வுருண்டை வெளியே தெரிகிறது. அதாவது, அக்கல் எங்கிருந்தும் வந்ததன்று; நின்ற இடத்திலேயே உருவானது. தரம்பிரியாத மண்ணோ பெரும்பாலும் பழைய மண்சரிவுகள் மலையடியிற் கொண்டுவந்து குவித்தது. இத்தகைய சரிவுப் படிவொன்றே 1992 ஆம் ஆண்டில் வட்டவளையில் மீண்டும் நகரத் தொடங்கி, புகையிரதப் பாதையைக் குலைத்து, பின்னர் நிலத்தடி நீரை வடித்தகற்றும் ஏற்பாடுகளால் தணிக்கப்பட்டது. இனி, நமது தீவின் அதியுயர் சிகரமான பீதுருதாலகால 2,524 மீற்றர் உயரமே உடையது. கடைசிப் பனிக்கட்டிக் காலத்தின் உச்சக் குளிரிலும் அயனமண்டலத்தில் நிலையான பனி 3,000 மீற்றருக்கு மேலேயே தங்கியது. ஆகவே மலையகத்திற் பனிக்கட்டியாறு ஊர்ந்ததில்லை.

உண்மையான பனிக்கட்டித் தகடு ஒன்று விட்டுச்சென்ற படிவை நமது அயலிற் காண விரும்புவோர் ஒடிசாவிலுள்ள தல்சீருக்குச் செல்லவேண்டும். அங்குள்ள பெருங்கற்படுகை பனிக்கட்டியால் உண்டானது என்பதை இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் துறையைச் சேர்ந்த பிளான்போர்ட் சகோதரரும் தியோபோல்டும் 1856 ஆம் ஆண்டிலேயே கண்டனர். அது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்னும் ஒரே நிலப்பரப்பாகத் தென்துருவத்தை அண்டிக் கிடந்த காலத்துக்கு உரியது. நாம் இக்கட்டுரையில் விளக்கமுற்படும் முறை அத்துணைத் தொன்மையான படிவுக்குப் பயன்படாது. அதன் எல்லை சில இலட்சம் ஆண்டுகள், மிஞ்சினாற் சில பத்து இலட்சம் ஆண்டுகள். ஆயின் இன்றைய உலகுக்கு வேண்டியதும் அக்கால அளவு பற்றிய அறிவே.

அது ஏன் வேண்டப்படுகிறது? அந்தாட்டிக்காவின் பனிக்கட்டி முழுவதும் உருகினாற் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீற்றரும், கிறீன்லாந்தினது உருகினால் 7 மீற்றருக்குச் சற்று மேலும் உயரும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், நீரின் பெரும்பகுதி வடஅமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துருவங்களிலும் பனிக்கட்டியாகக் கட்டுண்டு கிடந்தபோது, கடல்மட்டம் இன்றையதிலும் 120 மீற்றர் அளவிற் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று நீரிணையன்று. காலால் நடந்து கடக்கத்தக்க தரை. கடல்மட்டம் என்பது தலைமன்னாரிலும் தனுக்கோடியிலும் அளக்கப்படினும், அதனைத் தீர்மானிக்கும் கை துருவத்தில் உள்ளது என்க. அப்பனிக்கட்டித் தகடுகள் இன்று மெலிவதைச் செய்மதிகள் அளந்து வருகின்றன. எனினும் அவ்வளவீடுகளின் வயது சில பத்தாண்டுகளே. ஆயிரம் ஆண்டு அளவில் இயங்கும் ஒரு பொருளின் குணத்தைச் சில பத்தாண்டுக் கணக்கைக் கொண்டு உரைப்பது, ஒருநாட் கொழுந்து நிறுவையைக் கொண்டு ஒரு தோட்டத்தின் நூறாண்டு வரலாற்றை எழுதுவதற்கு ஒப்பாகும். எனவே ஆய்வாளர் பனிக்கட்டி பின்வாங்கியபோது விட்டுச்சென்ற கற்களிடம் செல்கின்றனர். இக்கல் இங்கு எப்போது வைக்கப்பட்டது என்பதே அவர்கள் வினா.

நெடுங்காலம் இவ்வினாவுக்குக் கதிரியக்கக் காபன் முறையொன்றே விடையளித்தது. அம்முறைக்கு உயிர்ப்பொருள் வேண்டும். மரத்துண்டோ சிப்பியோ பாசியோ கிடைத்தாக வேண்டும். அந்தாட்டிக்காவின் உட்பகுதியில் இவை கிட்டுவது அரிது. கரையோரத்திற் கிட்டினும், தென்கடலின் நீர் தன்னுள்ளே பழைய காபனைக் கொண்டிருப்பதால், இன்று இறந்த சிப்பியும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயதைக் காட்டிவிடும். தவிரவும், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பாற் காபன் முறை செல்லாது. கல்லின் வயதைக் கல்லிலேயே படிக்கும் முறை ஒன்று தேவைப்பட்டது.

அம்முறையின் வேர்களுள் ஒன்று பம்பாயில் உள்ளது என்பதை நம்மவர் பலர் அறியார். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்து அணுக்களை உடைக்கும்போது பெரிலியம்-10 என்னும் கதிரியக்கச் சமதானி பிறக்கிறது. கடலடி அடையல்களில் இது உள்ளமையை அமெரிக்காவில் ஆணோல்ட் என்பவரும், பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லால், பேணாட் பீற்றேர்ஸ் ஆகியோரை உள்ளிட்ட குழுவினரும் 1956, 1957 ஆம் ஆண்டுகளிற் தனித்தனியே வெளியிட்டனர். அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மட்டுமன்றி, தரையிலுள்ள பாறையினுள்ளும் இச்சமதானியை ஆக்குகின்றன. இவ்வாக்கத்தின் வீதம் இடத்துக்கிடம், உயரத்துக்குயரம் எவ்வாறு மாறும், அரிப்பு நிகழும் தரையில் அது எவ்வாறு கணிக்கப்படும் என்பவற்றை லால் 1991 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒழுங்குபடுத்தியது. இன்றும் இத்துறையினர் கைக்கொள்ளும் அடிப்படை அது. இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதே நிறுவனத்தார் அண்டக்கதிர்களை ஆராய்வதற்குக் கோலார் தங்கவயலின் சுரங்கங்களுள்ளே 2 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கருவிகளை வைத்தனர். 1965 ஆம் ஆண்டில் வளிமண்டல நியூத்திரினோக்களின் தடம் அங்கு காணப்பட்டது. அச்சுரங்கங்களைத் தோண்டியோரிற் பெருந்தொகையினர் வடஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். மலையகத்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் உறவினத்தார் எனலாம். விஞ்ஞான வரலாற்று நூல்கள் இதனைக் கூறுவதில்லை.

இனி முறையை நோக்குவோம். குவாட்சு என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த, எளிதிற் கரையாத கனியம். அண்டக்கதிரின் வழிவந்த வேகமான நியூத்திரன் ஒன்று குவாட்சினுள் இருக்கும் ஒட்சிசன் அணுவின் கருவை மோதிச் சிதைக்கும்போது, சிதைந்த துண்டு ஒரோவழிப் பெரிலியம்-10 ஆக எஞ்சுகிறது. உயர் அகலக்கோட்டுப் பகுதிகளிற் கடல்மட்டத்தில் ஒரு கிராம் குவாட்சில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 அணுக்களே இவ்வாறு பிறக்கின்றன. மலைமேற் செல்லச்செல்ல வளிமண்டலத்தின் காப்புக் குறைவதால் எண்ணிக்கை கூடும். புவிநடுக்கோட்டை அண்டிப் புவியின் காந்தப்புலம் கதிர்களைத் திருப்பிவிடுவதாற் குறையும். பாறையின் மேற்பரப்பிலிருந்து 60 சென்ரிமீற்றர் கீழே சென்றால் ஆக்கம் மூன்றிலொரு பங்கு அளவுக்கு வீழ்ந்துவிடும். சில மீற்றர் ஆழத்திற் பெரிதும் அற்றுப்போகும். பெரிலியம்-10 இன் அரைவாழ்வுக் காலம் 13.9 இலட்சம் ஆண்டுகள்.

வட்டவளையில் மழைமானியைக் கண்டோருக்கு இதன் தத்துவம் எளிது. வெளியே வைக்கப்பட்ட பாத்திரம் ஒன்றில் எவ்வளவு நீர் சேர்ந்துள்ளது என்பதும், அவ்விடத்தில் நாளொன்றுக்கு எவ்வளவு மழை பெய்யும் என்பதும் தெரிந்தால், பாத்திரம் எத்தனை நாளாக வெளியே உள்ளது என்பதைக் கணித்துவிடலாம். கல்லே பாத்திரம், பெரிலியம்-10 அதிற் சேர்ந்த நீர். பனிக்கட்டித் தகடு தன் அடியிலுள்ள தரையைப் பெயர்த்துக் கல்லைக் கொண்டுசெல்கிறது. நூற்றுக்கணக்கான மீற்றர்ப் பனிக்கட்டியின் கீழே கிடந்த அக்கல்லில் அண்டக்கதிர் பட்டதில்லை. பாத்திரம் வெறிதாக இருக்கிறது. பனிக்கட்டி மெலிந்து, ஒரு மலைச்சரிவிற் கல்லை வைத்துவிட்டு இறங்கியதும் பாத்திரத்தின் மீது மழை பெய்யத் தொடங்குகிறது. ஒரே மலையில் உயரத்தே கிடக்கும் கல் முன்னரும், தாழ்வாரத்திற் கிடப்பது பின்னரும் வெளிப்பட்டவை. பல உயரங்களிலுள்ள கற்களின் வயதை அளந்தால், பனிக்கட்டி எந்நூற்றாண்டில் எம்மட்டத்தில் நின்றது என்பது, குளத்துப் படிகளில் நீர் வற்றிய கறையைப் பார்ப்பதுபோற் புலனாகும்.

களத்தில் வேலை எளியது. சுத்தியலும் உளியும் போதும். கல்லின் உச்சியிலிருந்து சில சென்ரிமீற்றர்த் தடிப்பு மட்டும் எடுக்கப்படும். சூழவுள்ள மலைகள் வானத்தை எவ்வளவு மறைக்கின்றன என்பதும் குறிக்கப்படும். ஆய்வுகூடத்திற் கல்லை நொறுக்கி, சலித்து, ஐதரோபுளோரிக் அமிலத்தாற் பலமுறை கழுவி, பிற கனியங்களையும் மழைநீரோடு வந்து ஒட்டிய பெரிலியத்தையும் நீக்குவர். எஞ்சும் தூய குவாட்சைக் கரைத்து, அளந்தறிந்த சாதாரண பெரிலியத்தை அதனொடு சேர்த்து, இரண்டன் விகிதத்தைத் துணிக்கை ஆர்முடுக்கியோடு இணைந்த திணிவு நிறமாலைமானியால் எண்ணுவர். 10,000 ஆண்டுகள் வெளியிற் கிடந்த கல்லின் ஒரு கிராமில் இவ்வணுக்கள் ஏறத்தாழ 40,000. அதே கிராமிலுள்ள சிலிக்கன் அணுக்களோ ஒன்றை அடுத்து இருபத்திரண்டு பூச்சியங்கள் இட்டால் வரும் தொகை. 1970களின் இறுதியில் ஆர்முடுக்கி முறை வந்த பின்னரே இத்தேடல் இயலுவதாயிற்று.

பிழைக்கு இடமில்லை என எவரும் கருதவேண்டா. பனிக்கட்டி ஏற்றிவந்த கல் முன்னொருகால் வெயிலிற் கிடந்ததாயின், பாத்திரத்திற் பழைய நீர் எஞ்சியிருக்கும், வயது கூடிவிடும். கல் பின்னர் புரண்டிருந்தாலோ பனியால் நெடுநாள் மூடப்பட்டிருந்தாலோ வயது குறைந்துவிடும். ஆதலால் ஒரு கல்லை நம்புவாரில்லை. பல கற்கள் ஒருமுகமாகக் கூறுவதே ஏற்கப்படும். அதே குவாட்சிற் பிறக்கும் அலுமினியம்-26 பெரிலியத்தினும் விரைவாகத் தேய்வதாகலின், இரண்டையும் ஒப்பிட்டுக் கல் இடையில் எங்கேனும் புதையுண்டிருந்ததா என்பதைக் கண்டறிவர். மணற்படிவாயின், மணிகள் கடைசியாக வெயிலைக் கண்ட காலத்தை அவற்றின் ஒளிர்வைக் கொண்டு அறியும் வேறொரு முறையும் உண்டு.

இக்கற்கள் கூறிய செய்திகளுட் சிலவற்றையேனும் இங்கு குறிப்பிடல் வேண்டும். மேற்கு அந்தாட்டிக்காவின் மேரி பேட் நிலப்பகுதியிற் பனிக்கட்டி கடந்த 10,000 ஆண்டுகளில் 700 மீற்றருக்கு மேல் மெலிந்துள்ளது எனவும், அம்மெலிவு படிப்படியாக நிகழ்ந்தது எனவும் 2003 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2014 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு மாறான குணத்தைக் காட்டியது. பைன் தீவுப் பனிக்கட்டியாறு ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆண்டுக்கு ஒரு மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், குறைந்தது 25 ஆண்டுகள் தொடர்ந்து மெலிந்தது. இன்று செய்மதிகள் அங்கு காணும் வேகத்தோடு இது ஒப்பிடத்தக்கது. பனிக்கட்டி மெல்லவும் போகும், திடீரெனவும் போகும் என்பதே இதன் பொருள்.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் கிழக்கு அந்தாட்டிக்காவின் லுற்சோ-ஹொல்ம் விரிகுடாவாகும். 1957 முதல் யப்பானியரின் சியோவா நிலையம் அமைந்துள்ள இடம் அது. கொண்டுவானாக் காலத்தில் இலங்கை அவ்விரிகுடாவின் அயலிற் கிடந்தது. மலையகத்தின் அடித்தளப் பாறையும் அங்குள்ள பாறையும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே மலையாக்கத்தின்போது வெந்து உருமாறியவை என்பதை யப்பானிய, இலங்கைப் புவிச்சரிதவியலாளர் ஒப்புநோக்கி உரைத்துள்ளனர். மலையகத்திற் பரந்து காணப்படும் சார்னோக்கைட்டு என்னும் பாறையினம், கல்கத்தாவிலுள்ள யோப் சார்னொக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் பெயரிடப்பட்டது. சென்னைப் பரங்கிமலையும் அதே இனத்துப் பாறையே. பரங்கிமலையும் வட்டவளையும் சோயாக் கரையும் ஒரு குடும்பத்தார் என்றால் மிகையாகாது. அச்சோயாக் கரையின் ஸ்கார்வ்ஸ்னெஸ் பகுதியிற் பெரிலியம்-10, அலுமினியம்-26 ஆகியவற்றைக் கொண்டு செய்த காலக்கணிப்பு 2020 இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கும் 5,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அங்கு பனிக்கட்டி 400 மீற்றருக்கு மேல் மெலிந்தது என்பது அதன் முடிவு. அசையாது நிற்பது என்று நெடுங்காலம் கருதப்பட்ட கிழக்கு அந்தாட்டிக்காவிலும் இது நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது.

கிறீன்லாந்தின் செய்தி இன்னும் கலக்கந் தருவது. 1993 இல் 3 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பனிக்கட்டியைத் துளைத்து எடுத்த அடித்தளப் பாறையிற் பெரிலியம்-10 காணப்பட்டது. அப்பாறை ஒருகாலத்தில் வானத்தைக் கண்டிருந்தாலன்றி இது நேராது. வேறோரிடத்தில், அமெரிக்க இராணுவம் பனிக்கட்டியுள் அமைத்த காம்ப் செஞ்சரியில், 1966 இல் எடுத்த அடிமண் பல பத்தாண்டுகள் குளிர்ப்பெட்டிகளில் மறக்கப்பட்டுக் கிடந்து, 2017 இற் கொப்பனேகனில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 4 இலட்சத்து 16 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விடம் பனிக்கட்டியற்ற தரையாக இருந்தது என்பதை ஒளிர்வு முறை 2023 இல் வெளிப்படுத்தியது.

இவையெல்லாம் துருவத்துச் செய்திகள். பனிக்கட்டி ஒருநாளும் தீண்டாத மலையகத்துக்கும் இவற்றுக்கும் யாது தொடர்பு என வினவலாம். தொடர்பு இரு வகைத்து. முதலாவது காலநிலைத் தொடர்பு. ஓட்டன் சமவெளியின் சதுப்பு நிலங்களில் முற்றா நிலக்கரிப் படைகளைத் துளைத்தெடுத்து, மகரந்தத்தையும் கதிரியக்கக் காபனையும் கொண்டு பிரேமதிலக, றிஸ்பேர்க் ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு 24,000 ஆண்டு வரலாற்றைத் தருகிறது. துருவப் பனிக்கட்டி உச்சத்தில் இருந்த காலத்திற் தென்மேல் பருவக்காற்று தளர்ந்து, இன்று முகிலும் மூடுபனியுமாக இருக்கும் அச்சமவெளி வறண்டு கிடந்தது. பனிக்கட்டி பின்வாங்கிய பின்னரே மழை வலுத்தது. அந்நாளில் வட்டவளையின் மழைமானி எதைக் காட்டியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் சுவையானது.

இரண்டாவது தொடர்பே நமது கட்டுரையின் கருப்பொருள். பனிக்கட்டியாற்றுக் கல்லின் வயதைக் கூறும் அதே கருவி, கேள்வியைத் திருப்பிக் கேட்டால், மண்ணின் வேகத்தைக் கூறும். அசையாத கல்லிற் பெரிலியம்-10 இன் தொகை காலத்தைக் காட்டுகிறது. மேற்பரப்பு ஓயாது கழுவப்படும் மலைச்சரிவிலோ, ஒரு குவாட்சு மணி ஆழத்திலிருந்து மேலே வந்து சேர எவ்வளவு காலம் எடுத்தது என்பதை அது காட்டுகிறது. மெல்ல வந்த மணியில் அணுக்கள் மிகுதி. விரைந்து வந்ததிற் குறைவு. ஓடையடியில் ஒரு கைப்பிடி மணலை அள்ளினால், அவ்வோடைக்கு நீர்வழங்கும் மலைகள் அனைத்தின் சராசரி அரிப்பு வீதம் அதில் எழுதப்பட்டிருக்கும்.

திலக் ஹேவாவசம், பிரீட்ஹெல்ம் பொன் பிளாங்கென்பேர்க் முதலியோர் மேல் மகாவலி நீரேந்து பகுதியில் இம்முறையைக் கையாண்டு 2003 இற் தம் முடிவுகளை வெளியிட்டனர். மனிதர் தலையிடாத நிலையில் மலையகத்தின் இயற்கை அரிப்பு வீதம் ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன் மட்டுமே. இன்று ஆறுகள் சுமந்துசெல்லும் அடையலைக் கொண்டு கணித்தாலோ 130 முதல் 2,100 தொன். அதாவது மண் உண்டாவதிலும் ஏறத்தாழ 10 மடங்கு முதல் 100 மடங்கு வரை விரைவாக இழக்கப்படுகிறது. இதனைத் தோட்டத்து மொழியிற் சொல்லிப் பார்ப்போம். நமது கணக்கின்படி, ஓர் அங்குல மண் உண்டாவதற்கு ஆயிரம் முதல் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் வரை வேண்டும். அது கழுவப்படுவதற்கு 16 ஆண்டு முதல் 250 ஆண்டு போதும். மலையகத்திற் பெருந்தோட்டங்களின் வயது ஏறத்தாழ 200 ஆண்டு.

கூர்ந்து நோக்குவோர் ஓர் ஐயத்தை எழுப்புவர். தோட்டங்கள் தோன்றிய பின்னர் எடுத்த மணல், தோட்டங்களுக்கு முற்பட்ட வீதத்தை எவ்வாறு கூறும்? அண்டக்கதிர் ஊடுருவும் மேல் 60 சென்ரிமீற்றர் பாறையளவு கழுவப்பட இம்மலைகளில் ஏறத்தாழ 50,000 முதல் ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு மேலும் செல்லும். மணிகளிற் சேர்ந்த அணுக்கள் அவ்வளவு காலத்தின் சராசரி. அதில் 200 ஆண்டு என்பது சிறு துளியே. கோப்பியும் தேயிலையும் இப்பழைய கணக்கை இன்னும் அழித்துவிடவில்லை. உண்மையான இடர் வேறோரிடத்தில் உள்ளது. பெரிய மண்சரிவுகள் ஆழத்திலிருந்து பெரிலியம் குறைந்த மண்ணைக் கொண்டுவந்து ஓடையிற் கொட்டுமாயின் அளவீடு திரிபடையும். வட்டவளை போன்ற இடங்களில் இதனைக் கருத்திற் கொண்டே மணல் எடுக்கப்படல் வேண்டும்.

இவ்வெண்கள் ஒரு பழைய வழக்கில் சாட்சி கூறுகின்றன. மலையகத்தில் மண் போவது இயல்பு, சரிவு செங்குத்து, மழை கடுமை, ஆதலால் யாரையும் குறைகூறுவதற்கில்லை என்பது துரைமார் காலத்திலிருந்து கேட்டுவரும் வாதம். அவ்வாதம் பொய் என்பதைக் குவாட்சு மணிகள் காட்டுகின்றன. அதே சரிவு, அதே மழை; காடு நின்ற காலத்தில் மண் போகவில்லை. ஈரமும் வெப்பமும் செங்குத்தும் மிக்க இம்மலைகள், உலகில் மிக மெதுவாக அரிக்கப்பட்ட மலைநிலங்களுள் அடங்குவன என்பதை அவ்வாய்வாளர் 2004 இல் எழுதிய கட்டுரையில் வியப்போடு குறிப்பிட்டனர். புவியோட்டின் அமைதியும் காட்டின் வேரும் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. ஆகவே இழப்பு இயற்கையினதன்று, வரலாற்றினது.

அவ்வரலாறு நாம் அறிந்ததே. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையாக்கி விற்பனைக்கு வழிதிறந்தது. கோப்பிக்காகக் காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1869 இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் அதே மலைகளில் தேயிலை வந்தது. மலை முழுவதையும் புல் பூண்டின்றித் துடைத்து வைத்திருப்பது நல்ல தோட்டத்தின் இலக்கணம் எனத் தோட்ட முதலாளிகள் கருதினர். சுரண்டி என்னும் கருவியாற் புல்லோடு மேல்மண்ணும் சுரண்டப்பட்டது. கருவியின் பெயர் தற்செயலாகவே பொருத்தமாக அமைந்தது. மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931 இல் வெளிவந்தது. மண்பாதுகாப்புச் சட்டம் 1951 இல் வந்தது. அதற்குள் இழக்கப்பட்டது இழக்கப்பட்டதே. கான் வெட்டியும், கல்லடுக்கியும், முள்ளுக்குத்தியும் மண்ணைத் தடுத்துநிறுத்த முயன்ற கைகள் யாருடையவை என்பதையும், அம்மண்ணில் ஒரு பேர்ச்சுக்கேனும் உறுதி பெறாதோர் யார் என்பதையும் இவ்விதழின் வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையிற் சரிந்த மலை லயன்களையே மூடியது.

கழுவப்பட்ட மண் எங்கு சென்றது? வட்டவளை ஓடைகள் மகாவலியைச் சேர்வன. மகாவலித் திட்டத்தின்கீழ் 1976 இல் முடிவுற்ற பொல்கொல்லை அணையும், 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களும் அம்மண்ணின் ஒரு பகுதியை ஏற்றுக் கொள்ளளவை இழந்து வருகின்றன. மேட்டிற் கொழுந்து பறிப்பவரின் மண், பள்ளத்தில் நெல் விதைப்பவரின் நீரைக் குறைக்கிறது என்பதைக் காணும்போது, இவ்விரு உழைப்பாளரும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்பது தெரிகிறது. ஆனால் அவர்களை எதிரெதிரே நிறுத்திப் பேசுவதே இந்நாட்டு அரசியலின் வழக்கமாக இருந்துவந்துள்ளது.

ஹக்கலையில், காட்டின் கீழே பாறை மண்ணாக மாறும் வேகத்தை ஹேவாவசம் முதலியோர் பின்னர் நேரடியாக ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டனர். ஆயிரம் ஆண்டுக்கு 6 முதல் 14 மில்லிமீற்றர் அளவிலேயே பாறை மண்ணாகிறது என்று அறியப்பட்டது. வட்டவளையில் நாம் முதலிற் கண்ட உருண்டைக் கற்களும் அத்தகைய மாற்றத்தின் எச்சங்களே. அவை மண்ணின்மேல் இத்துணை உயரமாக எழும்பி நிற்பதற்கு, அவற்றைச் சூழ்ந்திருந்த மண் அகன்றமையே காரணம். அது எப்போது அகன்றது? காட்டின் காலத்திலா, கோப்பியின் காலத்திலா, தேயிலையின் காலத்திலா? கல்லின் உச்சியிலும் அடிவாரத்திலும், நில மட்டத்துக்குச் சற்றுக் கீழும் குவாட்சு எடுத்து அளந்தால் விடை கிடைக்கும். கல் படிப்படியாக வெளிப்பட்டதாயின் உச்சியில் அணுக்கள் மிகுந்தும் அடியிற் குறைந்தும் ஒரு சீராகக் காணப்படும். அண்மையில் விரைந்து வெளிப்பட்டதாயின், வெளியே தெரியும் பகுதியின் அடியும் இன்னும் மண்ணுள் இருக்கும் பகுதியும் வேறுபாடின்றி இருக்கும். அந்தாட்டிக்காவின் மலைமுடிகளிற் செய்யப்படும் அதே வேலைதான் இது. பனிக்கட்டிக்குப் பதிலாக மண்.

இதற்கு வேண்டியவை பெரியன அல்ல. சுத்தியல், உளி, சல்லடை, அமிலங்களைப் பாதுகாப்பாகக் கையாளத்தக்க ஓர் ஆய்வுகூடம், குவாட்சைத் தூய்மைசெய்யும் பொறுமை ஆகியவை போதும். ஆர்முடுக்கி அளவீட்டுக்குப் புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆர்முடுக்கி மையத்துக்குப் பெரிலியத்தை அனுப்பலாம். அங்கு பெரிலியம்-10 எண்ணப்படுகிறது. கல்லை எத்திசையில் எடுப்பது, எவ்வோடையில் மணல் அள்ளுவது, எந்த மலை எந்த ஆண்டிற் பிடுங்கி மறுநடுகை செய்யப்பட்டது, எந்தக் கான் எப்போது உடைந்தது என்பவற்றை அறிவதற்கு நாம் எங்கும் அனுப்பவேண்டியதில்லை. அவற்றைச் சொல்ல வல்லோர் வட்டவளை லயன்களிலேயே இருக்கின்றனர்.